தாமரைச் செண்டு

அக்காவின் கல்யாணத்தன்று நான் அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவ்வளவு கோபம். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு.

மலாய் நாட்டை ஜப்பான்காரன் ஆண்ட கடைசி வருஷம் அது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அடுத்த வரிசையில் ஒரு வீட்டுக்குள் சிப்பாய்கள் புகுந்து வயதுப் பெண்ணைத் தேடியதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. கழுத்தில் தாலி இருந்தால் தொடமாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஒரே வாரத்தில், இருபது மைல் தள்ளியிருந்த கிள்ளானில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மாப்பிள்ளை பங்கீட்டு அரிசிக்கடை வைத்திருந்தவர், மனைவியை இழந்தவர், அப்பாவைவிட நாலு வயதுதான் இளையவர். வெள்ளிக்கிழமை கல்யாணம். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் அதுதான். விட்டால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணி வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அக்காவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அம்மாதான் மனசு கேட்காமல், கையில் பிடிக்கிற பூச்செண்டாவது உன் இஷ்டப்படி இருக்கட்டும் என்றாள். பக்கத்து வீட்டு வேதக்காரர் மகள் மாதா கோயிலில் பிடித்திருந்ததுபோல வெள்ளைப் பூவும் ரிப்பனுமாகத் தொங்கவிடலாம், இல்லையென்றால் நம் வழக்கப்படி அரளியை உருண்டையாகக் கட்டலாம் என்று அவளே வழியும் சொன்னாள். அக்கா இரண்டையும் வேண்டாம் என்றாள். தன் பழைய பள்ளிப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினாள். ஏதோ ஒரு கோயில் சுவர் ஓவியம். அதில் ஒரு ராணி, தாமரை மொட்டுகளை நீளக் காம்போடு சேர்த்துக் கட்டிய செண்டைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"இந்தச் செண்டுதான் வேணும். இது இல்லாம மணவறையில உக்கார மாட்டேன்."

அப்பா ஊர்க் கூட்டங்களில் பழந்தமிழர் வழக்கங்களைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர். வெள்ளைக்காரன் மாதிரி கல்யாணம் செய்கிறவர்களைத் திட்டித் தீர்ப்பவர். ராணி பிடித்த செண்டை வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆனால் பூவுக்கு எங்கே போவது? பூச்செடி இருந்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டிருந்தார்கள். டயர் கிடைக்காமல் ரப்பர் குழாயைச் சுற்றிய சைக்கிளில் அப்பா கிள்ளான் வரைக்கும் போய்த் தேடினார். புதன்கிழமை சாயங்காலம் வெறுங்கையோடு வந்து படியில் உட்கார்ந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வேளையும் கிழங்கு தின்கிற வீட்டில் இவளுக்கு ராணிச் செண்டு கேட்கிறதா? முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"உனக்கு வெக்கமா இல்ல? அப்பா காலைப் பாத்தியா?"

அவள் கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். வாசலில் அப்பா அம்மாவிடம், மறுநாள் மத்தியானத்துக்குள் பூ கிடைக்காவிட்டால், ஆவணிக்குத் தள்ளிப்போடலாம் என்று கிள்ளானுக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அக்கா மெல்லப் பாட ஆரம்பித்தாள். அப்பாவைத் தோற்கடித்துவிட்டுப் பாட்டு வேறா என்று எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

பங்சார் ரப்பர்த் தோட்டத்துக்குப் பின்னால் ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு பழைய குட்டையில் சீன அம்மா ஒருத்தி தாமரைக்கிழங்கு போட்டிருந்தாள். விறகு பொறுக்கப் போனபோது பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். கல்யாணத்துக்கு உடுத்த அம்மா எடுத்து வைத்திருந்த என் பட்டுப்பாவாடையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன். ஒரு முழம் துணிக்கு ஊரே அலைந்த காலம். "துக்கார்", மாற்றிக்கொள்ளலாம் என்று மலாயில் சொல்லி, பாவாடையை நீட்டிப் பூவைக் காட்டினேன். அந்த அம்மா பாவாடையைத் தன் மகளின் இடுப்பில் வைத்து அளந்து பார்த்தாள். பிறகு தண்ணீருக்குள் இறங்கிப் பன்னிரண்டு மொட்டுப் பறித்துக் கொடுத்தாள்.

கிள்ளானுக்கு ஆள் புறப்படுவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். நான் நேராக அக்காவிடம் போய் மொட்டுகளை அவள் மடியில் போட்டேன்.

"இந்தா, உன் ராணிச் செண்டு."

கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். அதற்கு முன்பு அவள் என்னை அடித்ததே இல்லை. நியாயமாகப் பார்த்தால் அடிபட வேண்டியவள் அவள்தானே என்று நான் கத்தி அழுதேன். என்னை யாரும் கவனிக்கவில்லை. பூ வந்துவிட்டது, வேலை தலைக்குமேல் கிடந்தது.

மறுநாள் அக்கா செண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா வந்தவர்களிடமெல்லாம் அது எத்தனை பழமையான வழக்கம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நான் தோள் கிழிந்த கவுனோடு கடைசி வரிசையில் இருந்தேன்.

ஆவணி பிறந்தபோது ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. சிப்பாய்கள் தெருவில் நடமாடுவது நின்றது. அப்பா என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனார். அவர் மாப்பிள்ளையோடு கடையில் உட்கார்ந்து யுத்தம் முடிந்த கதையைப் பேசிக்கொண்டிருக்க, நான் அடுப்படிக்குப் போய் அக்காவிடம் கேட்டேன்.

"அன்னிக்கு எதுக்கு அடிச்ச?"

அவள் அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினாள்.

"அந்தப் பூவ ஒரு மாசம் கழிச்சுக் கொண்டாந்திருக்கக் கூடாதா நீ?"

எனக்கு மறுபடியும் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்குப் பறிச்ச பூ ஒரு மாசம் தாங்குமா? இதுகூடத் தெரியாதா உனக்கு?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் தெரியாமல் விழிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளை வாயடைக்க வைத்துவிட்டேன் என்று திரும்பி வரும்போது வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம்.