வாக்குக் கொடுக்கும் வரை மருதாணி இல்லை

காதர் பீவி அக்காவின் குரலில் தேனெல்லாம் வடியாது. கரகரவென்றுதான் இருக்கும். இருந்தாலும் பேகம்பூரில் எங்கள் சொந்தத்துக்குள் அவள் பாடாமல் எந்தப் பெண்ணுக்கும் மருதாணி வைத்ததில்லை. அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். என் மகள் ரஃபியாவின் மருதாணிக்கு அவர்கள் வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் மருதாணிப் பாட்டு நடுவில் ஓரிடத்தில் நின்றுவிடும். பாடுகிறவள் மருதாணித் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, மாப்பிள்ளையைப் பெற்றவளைப் பேர் சொல்லி, பெண்ணுக்காக ஒன்று கேட்பாள். அந்தம்மா எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை பாட்டும் நகராது, தட்டும் இறங்காது. பெண்ணைப் பெற்றவள் அதைக் கேட்டால் சம்பந்தமே முறிந்துபோகும். பாட்டுக்காரி கேட்டால் விளையாட்டு. ஆனால் கொடுத்த வாக்கு விளையாட்டில்லை.

அக்கா அகரத்தில் பிறந்தவள். கல்யாணத்தின்போது தட்டச்சில் கடைசிப் பரீட்சை பாக்கியிருந்தது. அவளுடைய மருதாணியில் அதை எழுத விட வேண்டும் என்றுதான் வாக்குக் கேட்டார்கள். பிறகு மாமனார் முறுக்கிக்கொண்டபோது மாமியாரே குறுக்கே நின்றாளாம். "நாப்பது பொம்பளைக முன்னாடி வாக்குக் குடுத்துட்டேன். இப்ப மாத்துனா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்க?" அக்கா பரீட்சை எழுதினாள். புருஷன் போன பிறகு தோல் மண்டி ஆபீசில் டைப் அடித்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள்.

பழசுதான் உசத்தி என்று உருகுகிறவள் இல்லை அவள். நாலு வருஷத்துக்கு முன்னால் சவுண்டு சர்வீஸ் அப்பாஸ் கூப்பிட்டபோது சந்தோஷமாகப் போய் கீபோர்டோடு பாடிக்கொடுத்தாள். அந்தப் புண்ணியவான் பாட்டிலிருந்து மாமியார் பேரை எடுத்துவிட்டான். பாட்டு நிற்கிற இடத்தையும் வெட்டினான். "அங்க சவுண்டே இல்லக்கா, ஆடுற புள்ளைகல்லாம் முழிக்குதுக" என்றான். அதன் பிறகு கல்யாண வீடுகளில் ஸ்பீக்கர்தான் பாடியது. மாமியார்களுக்குக் கொண்டாட்டம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாமே!

"என்னையக் கூப்பிடாட்டிப் போகுது. வாக்குக் குடுக்காமத் தப்பிக்கிறாளுகளே, அதத்தான் தாங்க முடியல" என்பாள் அக்கா.

ரஃபியா வத்தலக்குண்டில் ஓர் ஆஸ்பத்திரியின் லேபில் வேலை பார்க்கிறாள். அவள் ரத்தம் எடுத்தால் குழந்தைகள்கூட அழாது. மாப்பிள்ளை வீடு ஒட்டன்சத்திரம், காய்கறிக் கமிஷன் மண்டி. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ஜீனத் சிரித்துக்கொண்டே, "கல்யாணத்துக்கப்புறம் வேலையெல்லாம் எதுக்குங்க?" என்றாள். ரஃபியா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பாஸ் செட்டையும் அவர்களே பேசிவிட்டார்கள். அக்காவை நான் வெறும் விருந்தாளியாகத்தான் அழைத்தேன். கோழை நான், வேறென்ன சொல்ல?

மருதாணியன்று சாயங்காலம் மண்டபத்துக்குள் பெண்கள், வெளியே பந்தலில் ஆண்களுக்குப் பந்தி. ஸ்பீக்கரில் அக்காவின் குரல் அலறியது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். வெட்டின இடம் வந்ததும் எழுந்தாள்.

"அப்பாஸு, நிப்பாட்டு."

"பாட்டு ஓடிக்கிட்டு இருக்குக்கா..."

"ஏலே, அது என் தொண்டைதான? நிப்பாட்டு."

நிறுத்திவிட்டான். அக்கா ஒரு கையில் மைக்கையும் மறுகையில் மருதாணித் தட்டையும் எடுத்துக்கொண்டு ஜீனத்தின் எதிரே போய் நின்றாள்.

"மாப்பிள்ளையப் பெத்தெடுத்த மகராசி ஜீனத்தே,
பஸ் ஏறி வேலைக்குப் போற பச்சப்புள்ள எங்க புள்ள,
போய்வரட்டும் போய்வரட்டும், வாக்கு ஒண்ணு சொல்லம்மா!"

ஜீனத் சிரித்தாள். "அதெல்லாம் அந்தக் காலமுங்க. பாட்டப் போடச் சொல்லுங்க."

அக்கா நகரவில்லை. என் நாத்தனார் என் இடுப்பில் இடித்தாள். "விடுங்கக்கா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நுனி நாக்கு வரை வந்தும்விட்டது. அப்போதுதான் ரஃபியாவைப் பார்த்தேன். தலையணைமேல் நீட்டியிருந்த கையை இழுத்து, இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ. பெண்ணைப் பெற்றவள் வாயைத் திறக்கக் கூடாதுதான். திறந்தேன். "போய்வரட்டும் போய்வரட்டும்" என்று பின்பாட்டு எடுத்தேன். பின்னாலிருந்து இன்னொருத்தி சேர்ந்தாள். பிறகு மண்டபமே சேர்ந்தது. ஜீனத் சொந்தத்துப் பெண்கள் இரண்டு பேர்கூடப் பாடினார்கள்.

ஜீனத்தின் முகத்தில் சிரிப்பு போயிற்று. "சரிங்க, வேலைக்குப் போகட்டுங்க" என்று முணுமுணுத்தாள்.

அக்கா தட்டை இறக்கவில்லை. மைக்கை அவள் பக்கம் நீட்டினாள்.

"இதுல சொல்லுங்க ஜீனத்தம்மா. வெளிய மாப்பிள்ளையும் உங்க வீட்டு ஆம்பளைகளும் சாப்புட்டுக்கிட்டு இருக்காக. அவுகளுக்கும் கேக்கட்டும்."

ஜீனத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மைக்கை வாங்கிச் சொன்னாள். பந்தலில் பேச்சுச் சத்தம் அப்படியே நின்றது.

அதற்குப் பிறகுதான் ரஃபியா கையை விரித்தாள்.