வளர்கிற பிள்ளையின் சட்டையும் என் மூக்கும்

தையற்காரனுக்குக் கை வேண்டும், கண் வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். மூக்கைப் பற்றி ஒருவரும் சொல்லித் தருவதில்லை.

மார்பளவு எடுக்க வேண்டுமென்றால் பையனைக் கையைத் தூக்கச் சொல்லி, நாடாவை முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து முன்னால் சேர்க்க வேண்டும். அந்த நேரத்தில் என் மூக்கு எங்கே இருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் மிட்டாய் வாசத்தோடு வந்த அதே பிள்ளை, இந்த வருஷம் கையைத் தூக்கினால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். பெற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் தையற்காரனுக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால், மதுரை தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எனக்கு ஒரு மிஷின், என் மச்சான் காதருக்கு ஒரு மிஷின் என்று கடை போட்டிருந்தோம். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்துச் சட்டைகள்தாம் எங்கள் பிழைப்பு. அந்தப் பிழைப்பையே ஒரு வருஷம் இந்த வாசம் கவிழ்க்கப் பார்த்தது. பிள்ளை பெற்றவர்களே, பிள்ளைகளுக்குத் தைத்தவர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். வாருங்கள், சேர்ந்து மூக்கைப் பிடித்துக்கொள்வோம்.

மிஷின் எண்ணெய்

ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மனைவி, பத்து நாளைக்கு முன் வாங்கிப்போன மகன் சட்டையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து என் மிஷின்மேல் போட்டார். "துணி நாறுது பாய்" என்றார். காதர் சட்டையை எடுத்துக் காலரை மோந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்றான். அந்த அம்மா சட்டையைத் திருப்பி அக்குள் பக்கத்தைக் காட்டினார். காதர் மூன்று தும்மல் போட்டான்.

பையனுக்குப் பதின்மூன்று வயது. அளவெடுத்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் ஒரு தாயிடம் உன் மகன் பரீட்சையில் தோற்றுவிட்டான் என்று சொல்லலாம், உன் மகன் நாறுகிறான் என்று எப்படிச் சொல்வது? "மிஷின் எண்ணெய் பட்டிருக்கும்மா" என்று ஒரு பொய்யைச் சொல்லி, துவைத்துக் காயவைத்துக் கொடுத்தனுப்பினேன். பொய் என்னை விடவில்லை. அடுத்த வாரம் மூன்று அம்மாக்கள் மூன்று சட்டைகளோடு வந்து வாசலை மறித்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னார்: "எண்ணெயை மாத்துங்க பாய், இல்லாட்டி நாங்க கடையை மாத்துறோம்!"

உண்மை சொன்ன பலன்

சரி, இனி உண்மையே பேசுவது என்று முடிவு செய்தேன். அன்றைக்கென்று பார்த்துத் தாலுகா கச்சேரிக் குமாஸ்தா ஒருவர் மகனோடு வந்தார். பையனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அவர் காதோடு சொன்னேன். "பையன் வளர்றான் சார். இந்த வயசுல வேர்வை வாசம் மாறும். தெனமும் சட்டை மாத்தணும். மூணு சட்டையாவது இருந்தா நல்லது." கடைசி வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். குமாஸ்தா, "மூணு சட்டை விக்கிறதுக்காக எம் மகனை நாறடிக்கிறீரா?" என்று கூச்சல் போட்டார். நடுச் சந்தில் மகனுடைய கையைப் பிடித்துத் தூக்கி, அக்குளில் முகத்தை வைத்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தார்.

இழுத்த மூச்சை எங்கே விடுவதென்று தெரியாமல் சற்று நேரம் நின்றார். காதர் தண்ணீர்ச் செம்பை நீட்டினான். அதையும் வாங்காமல், எதிரே இருந்த இன்னொரு தையற்கடையைப் பார்த்து நடந்துகொண்டே சொன்னார்: "இது உம்ம சந்து வாசம்யா, எம் மகன் வாசம் இல்ல!"

கதர் வைத்தியம்

கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து கதர் மூட்டை சுமந்து வரும் ஒருவர் எங்கள் கஷ்டத்தைக் கேட்டுச் சிரித்தார். எல்லாம் மில் துணியால் வந்த வினை, கதர் போட்டால் வேர்வையே மணக்கும் என்றார். மூழ்குகிறவனுக்கு எதைப் பிடித்தால் என்ன? காதருடைய மகனுக்கே, அவனுக்கும் பதினான்கு வயது, ஒரு கதர்ச் சட்டை தைத்துப் போட்டோம்.

கதர் வேர்வையை நன்றாகத்தான் குடித்தது. குடித்ததைக் கீழே விடவில்லை. அந்த நேரம் பார்த்து மழை வேறு பிடித்துக்கொண்டது. துவைத்தால் இரண்டு நாள் காயவில்லை. பையன் ஈரத்தோடேயே மாட்டிக்கொண்டு திரிந்தான். மூன்றாம் நாள், கொல்லையில் கட்டியிருந்த ஆடு அவனைக் கண்டதும் கயிறு உள்ள மட்டும் விலகிப் போய் நின்றது. எந்தத் துணியானாலும் ஈரச் சட்டை ஆகாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புத்தியில் ஏறியது. காதருக்கு ஏறியது வேறு: "மச்சான், நாட்டுக்குச் சுயராஜ்யம் வந்தாலும் இந்தச் சட்டையில இருந்து நமக்கு விடுதலை இல்ல!"

கையைத் தூக்காதவன்

திருவாதவூர்ப் பையன் ஒருவன், டவுனில் பெரியப்பா வீட்டில் தங்கிப் படிப்பவன், துணியோடு தனியாக வந்தான். கையைத் தூக்கு என்றால் தூக்கவில்லை. கூச்சப்படுகிறான் என்று நினைத்து இடுப்பில் கிச்சுகிச்சு மூட்டினேன். பையன் அழுதுவிட்டான். வகுப்பில் யாரும் அவன் பெஞ்சில் உட்காருவதில்லையாம். இனிப் பள்ளிக்கூடம் போவதில்லை, ஊருக்கே போய்விடுவதென்று தீர்மானித்திருந்தானாம். "எனக்கு உள்ளுக்குள்ள ஏதும் அழுகிப்போச்சா பாய்?" என்று கேட்டான். கடை பயத்தில் வாயை மூடிக்கொண்டு எத்தனை பிள்ளைகளை இப்படி அழவிட்டோமோ என்று வெட்கமாக இருந்தது.

"அழுகலடா, வளருது. எனக்கும் வந்துச்சு, உங்க வாத்தியாருக்கும் வந்திருக்கும்" என்றேன். இரண்டு வேளை குளி, கக்கத்தில் பாசிப்பயற்று மாவு தேய், படிகாரத்தை நனைத்து ஒரு தடவு தடவு, சட்டையை அன்றன்றைக்கு அலசி உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடு என்று சொல்லி அனுப்பினேன். காற்றுப் போகட்டுமென்று அக்குளில் சதுரமாக ஒரு துண்டு கொடுத்துத் தளர்வாகத் தைத்தும் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, போலீசிடம் அகப்பட்டவன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றான்: "மோந்து பாருங்க பாய்! இப்ப எம் பெஞ்சுல எனக்கே எடமில்ல!"

உசிலம்பட்டிக்காரர்

ஆனால் பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும் பிடிபடவில்லை. ஜூனில் போனவர்கள் தீபாவளிக்கும் எதிர்க்கடையில்தான் நின்றார்கள். காதர் மிஷினை விற்றுவிடலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டான். அப்போதுதான் உசிலம்பட்டிப் பக்கத்தில் மாடு கன்றோடு விவசாயம் செய்யும் சம்சாரி ஒருவர் மகனோடு வந்தார். நான் அளவெடுப்பதைப் பார்த்து, "என்ன பாய், மூச்சைப் பிடிக்கிறீங்க?" என்றார். நான் நாடாவைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரே குனிந்து, சந்தையில் மாடு பார்ப்பதுபோல மகனைச் சுற்றி மோந்தார்.

போச்சு, இவரும் எதிர்க்கடைக்குத்தான் என்று நினைத்தேன். மனிதர் நிமிர்ந்தார், முகமெல்லாம் பல்! "அட, எம் மகன் எளவட்டம் ஆயிட்டான்யா!" என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்தினார். பருத்திப்பால்காரரைக் கூப்பிட்டு எனக்கு, காதருக்கு, எதிர்க்கடைக்காரருக்கு, அங்கே காத்திருந்தவர்களுக்கு எல்லாம் ஆளுக்கொரு குவளை வாங்கிக் கொடுத்தார். பையன் மிஷினுக்கு அடியில் புகுந்துகொண்டான். இதற்கா இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். "காளங்கண்ணு வாசம் மாறுனா சந்தையில மதிப்புக் கூடுது பாய், எம் மகனுக்கு மட்டும் கூடாதா?"

வாசம் வந்திருச்சு

மறுநாளிலிருந்து என் பாட்டையே மாற்றிவிட்டேன். அளவெடுத்துக்கொண்டே உரக்கச் சொல்வேன்: "மார்பு ரெண்டு இஞ்சு கூடியிருக்கு, கை ஒரு இஞ்சு கூடியிருக்கு, வாசமும் வந்திருச்சு, மாஷா அல்லா, பையன் எளவட்டம்!" தகப்பன்மார் மீசையைத் தடவிக்கொண்டு, இனி என்ன செய்யணும் பாய் என்று தாங்களாகவே கேட்டார்கள். பயறு, படிகாரம், வெயில் என்று சொல்லி அனுப்பினேன். வளர்ந்த பெண்பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிவர மாட்டார்கள், அளவுச் சட்டைதான் வரும்; அவர்களுடைய அம்மாக்களுக்கு என் வீட்டுக்காரி இதையே பக்குவமாகச் சொல்லிவிடுவாள். அடுத்த ஜூனில் கடை வாசலில் நிற்க இடமில்லை. காதர் மூன்றாவது மிஷின் வாங்கலாம் என்றான்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் பத்து வயது மகனை நிறுத்தினார். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான். மார்பு சொன்னேன், கை சொன்னேன், நாடாவைச் சுருட்டினேன். அவர் நகரவில்லை. "அப்புறம்?" என்றார். "அம்புட்டுத்தான் அண்ணே" என்றேன். மனிதருக்கு முகம் தொங்கிப்போயிற்று. மகனை மறுபடி என் பக்கம் தள்ளி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "எதுத்த வீட்டுப் பயலுக்கு வந்திருச்சாம்ல, ரெண்டு பேரும் ஒரே மாசத்துல பொறந்தவய்ங்க. இன்னொருக்கா நல்லா மோந்து பாருங்க பாய், இவனுக்கும் லேசா இருக்கும்!"

பிள்ளை நாறினாலும் பெற்றவர்களுக்குக் குறை, நாறாவிட்டாலும் குறை. இரண்டு குறைக்கும் மூக்கைக் கொடுத்துவிட்டு நிற்பவனுக்குத்தான் தையற்காரன் என்று பெயர்.