பொன்னுரங்கம் போட்ட உ

இது கட்டுக்கதை இல்லை. கடலூரில், பட்டப்பகலில், ஆள்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆபீசில் நடந்தது. நம்பாதவர்கள் சிந்துஜாவின் கையைத் தொட்டுப் பார்க்கலாம். இதைச் சொல்லும்போது இன்றும் அது சில்லிட்டுப் போகும்.

பொன்னுரங்கமும் சிந்துஜாவும் பக்கத்துப் பக்கத்து சீட். அடிக்கடி தேவைப்படும் கம்ப்யூட்டர் கமாண்டுகளை இருவரும் ஒரே இடத்தில் குறிப்புகளாகச் சேர்த்து வைப்பார்கள். வேண்டும்போது எடுத்து, கமாண்டு தட்டும் டெர்மினல் திரையில் ஒட்டினால் போதும். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் அவன் '# உ' என்று போட்டுவிடுவான். முன்னால் # இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது.

"கம்ப்யூட்டருக்குமா புள்ளையார் சுழி?" என்று சிரிப்பாள்.

"நமக்கு ஒண்ணும் ஆவாம இருக்கணும்ல?" என்பான்.

மூன்று மாதத்துக்கு முன் அவனுக்கு வேலை போனது. ஏனென்று அவளிடம்கூடச் சொல்லாமல் காட்டுமன்னார்கோயிலுக்குப் போய்விட்டான். போன் போட்டால் எடுப்பதில்லை. மேனேஜர் சபாபதி அவனுடைய லாகினை மூடினார். அந்த உ-வையெல்லாம் அழிக்கச் சொன்னார். சிந்துஜாதான் அழித்தாள்.

அன்று மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு ரைஸ் மில்லின் கணக்கை வேறொரு காலி டிஸ்க்கில் பேக்கப் எடுக்க வேண்டும். குறிப்பைத் திறந்தாள்.

தலையில்... உ.

எல்லாவற்றையும் அழித்தோமே? ஒன்று விட்டுப்போயிருக்கும். கமாண்டை ஒட்டினாள். என்டரைத் தட்டினாள்.

பக்கத்து சீட்டில் கீபோர்டு 'டொக்' என்றது.

திரும்பினாள். காலி நாற்காலி.

திரையில் வரிகள் ஓடின... ஓடிக்கொண்டே இருந்தன. எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு பெயர்களும் கமாண்டில் இடம் மாறியிருந்தன. காலி டிஸ்க், நிறைந்திருந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தது. மில்லின் பத்து வருடக் கணக்கு போயே போயிற்று.

"சாயந்தரத்துக்குள்ள ரிசைன் பண்ணிடும்மா," என்றார் சபாபதி.

யார் மாற்றியது? குறிப்பின் பதிவைப் பார்த்தாள்.

பொன்னுரங்கம். இன்று. 2.10.

மூடிய லாகினில் எப்படி நுழைந்தான் என்றுகூட யோசிக்கவில்லை. பாவி... ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன் கழுத்தறுத்துவிட்டானே! போன் போட்டாள். அவன் தங்கை சத்யப்பிரியா எடுத்தாள்.

"உங்கண்ணன்கிட்ட குடும்மா."

"நீங்க யாரு?"

"சிந்துஜா."

சத்யப்பிரியாவின் குரல் உயர்ந்தது.

"நீயா? புகார் குடுத்து எங்கண்ணன் வேலைய புடுங்குனவ நீதான?"

"நானா? யாரு சொன்னா?"

"உங்க சபாபதி சாருதான். உன் பேரச் சொல்லிச் சொல்லியே மருகிக் கெடந்துச்சு. நேத்து ராத்திரி நெஞ்சு வலி, போய்ச் சேந்துருச்சு. இன்னிக்கு ரெண்டு மணிக்குத்தான் எடுத்தோம்."

ரெண்டு மணி...

காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"நான் சொல்லலடா பொன்னு. சத்தியமா நான் இல்ல. அந்தாளு நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான்."

டொக்.

நாற்காலி மெல்லத் திரும்பியது. சபாபதியின் அறையைப் பார்த்து நின்றது.

ராஜினாமாக் கடிதத்தோடு உள்ளே போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏதோ கமாண்டை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் திரையின் தலையில்...

உ.

சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறக்கவில்லை.

அவர் என்டரைத் தட்டினார்.