முப்பத்தெட்டு வோல்ட்டும் ஈவாவும்

வளையல் இரண்டும் கழன்றுவிட்டன. மோதிரம்தான் வர மறுக்கிறது. விரலில் சோப்பைத் தடவித் திருகித் திருகி அதையும் உருவி எடுக்கிறார் ஈவா. கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி, மோதிரம், வளையல் எல்லாம் காலி டிபன் டப்பாவுக்குள் போய் மூடப்படுகின்றன. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டுகிறார். பட்டையிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும் வயரின் முனையில் ஒரு கிளிப் இருக்கிறது. அதைக் கணினிப் பெட்டியின் பெயின்ட் அடிக்காத இரும்பில் கவ்வவிட்ட பிறகுதான் பக்கவாட்டுக் கதவைத் திறக்கிறார்.

பட்டை எதற்கு என்று கேட்டேன். மழை இல்லாத ஊர், காற்றில் ஈரமில்லை, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலே நம் உடம்பில் மின்சாரம் ஏறிவிடும், பட்டை அதை இரும்புக்கு இறக்கிவிடும் என்றார். வேலைக்கு வரும்போது பருத்திச் சேலைதான் கட்டுவாராம். "நைலக்ஸ் சேலயக் கட்டிக்கிட்டு இதத் தொட்டா நமக்குச் சுள்ளுனு எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும். உள்ள இருக்க சில்லுக்கு அது இடி விழுந்த மாதிரி."

ஈவாவுக்கு நாற்பத்து நான்கு வயது. வீடு அருப்புக்கோட்டையில். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நூற்பாலை, பள்ளிக்கூடம், கடன் சங்கம், மருத்துவமனை என்று சுற்றுவட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் போய் 'டவர் சர்வர்' நிறுவிக் கொடுப்பது ஈவாவின் தொழில். ஓர் அலுவலகத்தின் மற்ற கணினிகளெல்லாம் எதை நம்பி ஓடுகின்றனவோ, அந்தப் பெரிய கணினி அது. நிமிர்த்தி வைத்த சூட்கேஸ் மாதிரி இருக்கும். முப்பது கிலோவுக்குக் குறையாது. சாதாரணக் கணினியை ஈவா 'அது' என்றுதான் சொல்வார். சர்வர் மட்டும் 'இவுக'.

"இவுக படுத்துக்கிட்டு வரக் கூடாது. நின்னுக்கிட்டுத்தான் வரணும்" என்று சொல்லி, லோடு ஆட்டோவில் ஓட்டுநர் பக்கத்தில் இடம் இருந்தாலும் பின்னால் ஏறிப் பெட்டியை அணைத்தபடி வருவார். இறக்கும்போது இரண்டு பேர் வேண்டும் என்பதில் கறாராக இருப்பார். முன்பக்கத்து பிளாஸ்டிக் கதவைப் பிடித்துத் தூக்க யாராவது கையை நீட்டினால் அதட்டல் விழும். "மூஞ்சியப் பிடிக்காதீக. அடியில கை குடுங்க." வெயிலில் வந்த பெட்டியை அறைக்குள் வைத்து, சூடு ஆற நான்கு மணி நேரம் திறக்காமல் விடுவார். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். பழைய கணினிகளை, வயர்களைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய ஒரு ஜெபம் சொல்லி முடிக்கும் நேரம் காத்திருந்து, திறந்து பெயின்ட் பிரஷால் கூட்டிக்கொண்டிருப்பார். நூற்பாலைக் கணினிகளில் பஞ்சு மெத்தை மாதிரிப் படிந்திருக்கும். மல்லாங்கிணறு பக்கம் ஒரு கடையின் கணினியில் காற்றாடிக்குப் பின்னால் பல்லி முட்டை ஏழு இருந்ததாகச் சொன்னார். ஏழையும் காகிதத்தில் ஏந்தி வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடர்ந்தாராம்.

இன்னொரு வழக்கம் எனக்கு முதலில் விளங்கவில்லை. எந்த இடத்துக்குப் போனாலும் மேலாளரிடம் பேசுவதற்கு முன்னால் அங்கே கூட்டித் துடைக்கிற ஆள் யார் என்று தேடிப் போய்விடுவார்.

சித்திரை மாதத்து ஒரு புதன்கிழமை, திருச்சுழி பக்கத்தில் பன்னிரண்டு கட்டில் கொண்ட ஒரு தனியார் பிரசவ மருத்துவமனைக்கு அவரோடு போயிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குப் புதுப்பித்த கணினி அறைக்குத் திறப்பு விழா. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. ஈவா வழக்கம்போலத் துடைக்கிறவரைத் தேடினார். பிச்சையம்மாள் என்ற ஐம்பது வயதுக்காரர், மாடிப்படியில் வாளியோடு நின்றார். இருவரும் ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்த ஈவா அட்டைப்பெட்டியைப் பிரிக்கும் முன்பே பையிலிருந்து வோல்ட் பார்க்கும் மீட்டரை எடுத்தார்.

சுவரில் உள்ள மூன்று துளைகளில் மேலே இருக்கும் பெரியது எர்த். பெட்டியின் இரும்பில் மின்சாரம் கசிந்தால், அதைத் தொடுகிறவர் உடம்பில் இறங்காமல் மண்ணுக்குள் கொண்டுபோய் விடுவது அதன் வேலை. மீட்டரின் ஒரு முனையை அதிலும் மற்றொன்றை, மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் துளையிலும் வைத்தார். எண் முப்பத்தெட்டு வோல்ட்டில் போய் நின்றது. இரண்டு மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்றார் என்னிடம். நான்கு சுவரிலும் பார்த்தார். எல்லாம் ஏறக்குறைய அதே எண்.

மேலாளர் காசிராஜன் வந்தார். கெட்டவர் அல்ல, விழா நாள் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்த மனிதர். ஆறு வருடமாக இங்கே கணினி ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை, இப்போது போட்டுவிடுங்கள், விழா முடிந்ததும் மற்றதைப் பார்ப்போம் என்றார். ஈவா முடியாது என்றார். காசிராஜன் மதுரையில் ஒருவருக்குப் போன் போட்டார். அந்த ஆள் நாளைக்கே வந்து ஓடவிட்டுத் தருவதாகச் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. இதே மருத்துவரின் வேறு இரண்டு மருத்துவமனைகளுக்கும் ஈவாதான் சர்வர் வைப்பதாக இருந்தது என்பதையும் காசிராஜன் மெதுவாக நினைவுபடுத்தினார்.

ஈவா அட்டைப்பெட்டியின் பக்கம் போனார். அதைப் பிரித்தார். சர்வரை நிமிர்த்தி வைத்துப் பின்பக்கம் போய், செங்கல் அளவில் இருந்த பவர் சப்ளை இரண்டையும் ஒவ்வொன்றாக உருவித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அவை இல்லாமல் எவர் வந்தாலும் அந்தப் பெட்டியை உயிர்ப்பிக்க முடியாது.

"அது ஆஸ்பத்திரிப் பொருளும்மா" என்றார் காசிராஜன்.

"ஆமா சார். எழுதிக் குடுத்துட்டுத்தான் எடுக்கேன். வெளிய கொண்டு போகல, டாக்டரம்மா வர்றவரைக்கும் இங்கனதான் உக்காந்திருப்பேன்."

எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு புறநோயாளிகள் பெஞ்சில், வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வரிசைக்குக் காத்திருந்த பெண்களுக்கு நடுவே, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் அங்கிருந்து அசையவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அப்போதுதான் சந்தனம்மாளைப் பற்றிச் சொன்னார்.

பதினோரு வருடத்துக்கு முன் ஈவா ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தார். ஒரு நூற்பாலை அலுவலகத்தில் சர்வர் வைத்தபோது பெட்டியைத் தொட்ட விரலில் சுர்ரென்று இருந்தது. கூட வந்த சூப்பர்வைசரிடம் சொன்னார். இந்த ஊரில் எல்லாப் பெட்டியும் அப்படித்தான் இருக்கும், மண் காய்ந்த மண், விட்டுவிட்டு வா என்றார் அவர். ஈவா விட்டுவிட்டு வந்தார். மூன்று வாரம் கழித்து, அங்கே கூட்டித் துடைக்கிற சந்தனம்மாள் ஈரத்துணியால் அந்தப் பெட்டியைத் துடைத்தபோது கை ஒட்டிக்கொண்டது. யாரோ ஓடிப்போய் மெயினை இறக்கினார்கள். உயிர் பிழைத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் இன்றைக்கும் மடங்குவதில்லை.

ஈவா ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போயிருக்கிறார். சந்தனம்மாள் கட்டிலில் சாய்ந்தபடி கேட்டது ஒரே கேள்வி.

"ஏத்தா, இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா."

சந்தனம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் ஈவா வேலையை விட்டார். தனியாகத் தொழில் தொடங்கி முதலில் வாங்கிய பொருள் அந்த மீட்டர். இதைச் சொல்லி முடித்ததும் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பை மடியில் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இரண்டரை மணிக்கு மருத்துவர் பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தார். காசிராஜன் தன் பக்கத்தைச் சொன்னார். ஈவா மீட்டரைக் காட்டினார். பிறகு, பிச்சையம்மாளைக் கேளுங்கள் என்றார். பிச்சையம்மாள் சேலை நுனியைத் திருகிக்கொண்டே வந்து நின்றார்.

"அங்கன கம்ப்யூட்டரத் தொடச்சா சுர்ருனு இழுக்கும்மா. ரெண்டு வருசமா இழுக்கு. சொன்னா அந்த ரூமத் தொடைக்கச் சோம்பேறித்தனப்பட்டுச் சொல்றேன்னு நினைப்பீகனு சொல்லல. தொடச்ச மாதிரி காட்டிட்டு வந்துருவேன்."

மருத்துவர் ஈவா பக்கம் திரும்பினார். வெள்ளிக்கிழமை பத்தரைக்குள் சரிசெய்ய முடியுமா என்று மட்டும் ஈவாவிடம் கேட்டார். முடியும் என்றார் ஈவா. அப்போது அவருக்கு எர்த் வயர் போய் இறங்கும் குழி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

மருத்துவமனையின் எலக்ட்ரீசியன் ஐயாத்துரை கட்டடத்தின் பின்புறம் கூட்டிப்போனார். சிமென்ட் மூடியைத் தூக்கியதும் விஷயம் தெரிந்துவிட்டது. கரிசல் மண் வெயிலில் சுருங்கி வெடித்து, குழாயை விட்டு விலகியிருந்தது. குழாயைச் சுற்றி இரண்டு விரல் நுழையும் இடைவெளி. குழாய் மண்ணைத் தொடவே இல்லை. மழைக்காலத்தில் புதைத்தது, அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது என்று ஐயாத்துரை முணுமுணுத்தார். அவரை ஈவா ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. "உங்க மேல தப்பு இல்லண்ணே, கரிசல் அப்படி" என்றார்.

வியாழன் விடிந்ததும் இரண்டு ஆட்கள் புதுக் குழி தோண்டத் தொடங்கினார்கள். மூன்றடி கரிசல் லேசாக வந்தது. அதற்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரை பட்டுப் பட்டுத் தெறித்தது. பதினோரு மணிக்கு ஐந்தடி. போதும் என்றார்கள் ஆட்கள்; போதாதா என்று காசிராஜனும் எட்டிப் பார்த்தார். எட்டடி என்றார் ஈவா. அவர்கள் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வேலியோரம் உட்கார்ந்ததும், ஈவா கூடையைக் கயிற்றில் கட்டி இறக்கி, தளர்ந்து கிடந்த மண்ணைத் தானே வாரி மேலே இழுக்கத் தொடங்கினார். ஐயாத்துரை குழிக்குள் இறங்கினார். சிறிது நேரத்தில் ஆட்களும் எழுந்து வந்தார்கள். நான்கு மணிக்கு எட்டடி. குழாயை நிறுத்தி, ஈரம் பிடித்து வைக்க அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"இன்னைக்கு ஊத்துனா நாளைக்கு மீட்டர் நல்லாத்தான் காட்டும். ஆனி, ஆடியில யாரு குடத்தத் தூக்கிட்டு வந்து ஊத்தப் போறா?" என்று சொல்லிக்கொண்டே ஈவா சுற்றுமுற்றும் பார்த்தார். குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழிக்கிற உப்புத்தண்ணீர், ஒரு டியூப் வழியாகச் சுவருக்கு வெளியே வந்து கருவேலம் புதரில் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பத்தடி நீட்டிக் குழியின் வாயில் விடச் சொன்னார். இயந்திரம் ஓடுகிற நாளெல்லாம் குழி காயாது. ஐயாத்துரை தலையில் கை வைத்துச் சிரித்துவிட்டார். ஆறு வருடமாக அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் அவர் நடந்துகொண்டிருந்தார்.

அன்று மாலையே மின்பலகையில், கசிவு கண்டால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப்பர் ஒன்றும் ஏறியது. ஈவா அதன் சோதனைப் பொத்தானை மூன்று முறை அழுத்தி, மூன்று முறையும் விழுந்ததைப் பார்த்த பிறகே பஸ் ஏறினார்.

வெள்ளி காலை எட்டு மணி. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மீட்டர் ஒன்று புள்ளி இரண்டு காட்டியது. நான்கு சுவரிலும் அப்படியே. ஈவா சர்வரின் அடியில் இருந்த நான்கு கால்களையும் வெளிப்புறமாகத் திருப்பி, பெட்டி ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். சுவரிலிருந்து காற்றுப் போக ஒரு முழம் தள்ளி வைத்தார். நினைவகப் பலகைகளை ஓரம் மட்டும் பிடித்து, 'டக்' என்று இரு பக்கமும் கவ்வும் வரை அழுத்தினார். பக்கக் கதவை மூடிப் பூட்டினார். பையிலிருந்த பவர் சப்ளை இரண்டையும் பின்னாலிருந்து தள்ளிப் பொருத்தி, காசிராஜனிடம் கொடுத்திருந்த தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டார். பொத்தானை அழுத்தினார். காற்றாடிகள் ஒருமுறை பெரிதாக இரைந்து, பிறகு சீராக அடங்கின. திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின.

முடிந்ததா, விருந்தினரை அழைத்து வரலாமா என்று கேட்டார் காசிராஜன். இரண்டு நாளில் அவர் குரலில் இருந்த வெட்டு போயிருந்தது. மற்ற இரண்டு மருத்துவமனைகளையும் அடுத்த வாரம் வந்து பார்த்துவிடுங்கள், குழியையும் சேர்த்து என்றார்.

ஈவா தலையசைத்தார். ஆனால் பார்வை கதவுப் பக்கம் இருந்தது. நிலைக்கு வெளியே பிச்சையம்மாள் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். விழாவுக்கு முன் அறையைத் துடைக்க வேண்டும். உள்ளே காலை வைக்கவில்லை.

ஈவா மீட்டரைப் பைக்குள் வைத்தார். செருப்பைக் கழற்றினார். வாளியிலிருந்த துணியை எடுத்துப் பாதி பிழிந்து, சர்வர் அருகே தரையில் விரித்து, அந்த ஈரத்தின் மேல் வெறுங்காலோடு ஏறி நின்றார். பிச்சையம்மாளைப் பார்த்தபடியே, ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் இரும்பில் தன் புறங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.