போர்க்காலப் பாடத்தின் மீதி

என் டைரியில் அந்த நாளின் பக்கத்தில் கடைசியாக நீல மையில் நான்கு சொற்கள் இருக்கின்றன: “போர்க்காலம், பாதி. மீதி நாளை.”

மகள் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி இன்டர், நம்மூர் பிளஸ் டூ, படித்தாள். நான் சித்தூரில். திருத்தணியில் தமிழில் படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்தவன். தெலுங்கு பேசுவேன், படிக்க வராது. அவள் புத்தகங்கள் தெலுங்கு. அதனால் மாலை ஆறரைக்கு அவள் போனில் பாடத்தைத் தமிழில் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். மறுநாள் அதை வைத்துக் கேள்வி கேட்பேன். தவறுகளைச் சிவப்பு மையில் குறிப்பேன்.

உளவியலில் மறதி பற்றிய பாடம் வந்தது. காரணங்களை வரிசை மாறாமல் சொல்லச் சொன்னேன்.

“பரீட்சை நீ எழுதப் போறியா, நானா நைனா?”

“வரிசை மாறிச்சின்னா மார்க் போவும்.”

“உன் டைரியப் பார்த்தா எங்க சாரே பயந்துக்குவாரு.”

போக்குவரத்துப் பாடத்தில் சாலை, ரயில், நீர்வழி, வான்வழி, குழாய்வழி, ஐந்தும் சரி.

அந்த நாள் வந்தது வரலாற்றில் போர்க்காலப் பாடம். குண்டுக்குப் பயந்து ஊர்கள் விளக்குகளை மறைத்ததைச் சொன்னாள். நடுவில் நிறுத்தினாள்.

“தலை ரொம்ப வலிச்சினு கீது. ரெண்டு நாளா ஜொரம். நீ வந்து இட்டுகினு போறியா நைனா?”

“மாத்திரை போட்டியா?”

“போட்டேன்.”

“சனிக்கிழமை வரேன். இத முடிச்சிட்டுப் படு.”

இன்னும் சில வரிகள் சொன்னாள். “மீதி நாளைக்கு நைனா” என்றாள். எழுதிக்கொண்டேன். காய்ச்சலை எழுதவில்லை.

உடனே கிளம்பியிருந்தால் ஒன்பது மணிக்குள் போயிருப்பேன். திருப்பதிக்குப் பஸ்ஸுக்கா குறைவு?

மறுநாள் காலை வார்டன் அழைத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள், மூளைக்காய்ச்சல். நான் போய் நின்றபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மூன்றாம் நாள் இறந்துபோனாள். அவள் போனில் சொன்ன மாலையே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

அவள் புத்தகம் என் மேஜையில் இருக்கிறது. அன்று சொன்னவரை அவள் போட்ட பென்சில் கோடு எங்கே நிற்கிறது என்று தெரியும். அதற்கு அப்பால் இருப்பதை என்னால் படிக்க முடியாது. பக்கத்து வீட்டு ஆசிரியை படித்துச் சொல்வதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன்.

காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் ஆறரைக்கு டைரியைத் திறந்து, அந்த நான்கு சொற்களின் கீழே விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுதினேன்: “ரெண்டு நாளா ஜொரம். நீ வந்து இட்டுகினு போறியா நைனா?”