லேபிள் வைக்கிற கையும் நானும்

பாட்டில் ஊதுற தொழில்ல ஊதுறது மெஷின், மூச்சு முட்டுறது நமக்கு. மெஷினோட மாரடிக்கிற என் இனத்தாரே, உங்களுக்குச் சொன்னாத்தான் இது புரியும்.

கை வந்த கதை

அம்பத்தூர்ல எங்க கம்பெனி. முன்னெல்லாம் பாட்டில் ஆறின பிறகு ஜெயந்தி அக்கா உட்கார்ந்து லேபிள் ஒட்டுவாங்க. இப்போ அச்சு மூடுறதுக்கு முன்னாடியே ஒரு இரும்புக் கை, ரப்பர் வாயால லேபிளை உறிஞ்சி எடுத்து அச்சுக்குள்ள வைக்குது. சூடான பிளாஸ்டிக் உப்பி வந்து அதோட ஒட்டிக்கும். அப்புறம் நகத்தால சுரண்டினாலும் வராது.

அந்தக் கை வந்த நாள்லேர்ந்து எனக்குச் சனி. ஒரு நேரம் லேபிளை ரெண்டு ரெண்டா அள்ளும். ஒரு நேரம் வெறுங்கையா போய் அச்சைக் கும்பிட்டுட்டு வரும். எங்க முதலாளி பாய் பூந்தமல்லிக்காரர். சேக்காட்டுல எண்ணெய்க்கடை வெச்சிருக்கிற அண்ணாச்சியோட தீப எண்ணெய் ஆர்டரை நம்பித்தான் அவர் இதை வாங்கினதே. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துட்டுச் சொன்னாரு: "இன்னா நைனா, அண்ணாச்சி சாம்பிளு வேணாம்னுட்டாருன்னா கைய லாரில ஏத்தித் திருப்பி அனுப்பிருவேன். கூடவே நீயும் ஏறிக்கோ."

பூஜை போட்டோம்

விஜயதசமி அன்னிக்குத்தான் சாம்பிள் பார்ப்பேன்னுட்டாரு அண்ணாச்சி. முந்தின நாள் ஆயுத பூஜை. பாய் வருஷா வருஷம் தன் கையால பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் வாங்கிட்டு வந்து கொடுத்துடுவாரு. ஜெயந்தி அக்கா ஒரு மெஷின் விடாம சந்தனம், குங்குமம் வெச்சாங்க.

மறுநாள் காலையில மெஷினை ஓட்டினேன். அடக் கடவுளே! கண்ணாடி மாதிரி லேபிள், அதுக்குப் பின்னாடி செக்கச்செவேல்னு ஒரு பொட்டு. ரப்பர் வாய்ல அக்கா வெச்ச குங்குமம் அப்படியே லேபிள்ல ஒத்திக்கிச்சு. எச்சில் தொட்டுத் தேய்ச்சேன். லேபிளுக்கும் பாட்டிலுக்கும் நடுவுல மாட்டினது எங்க போகும்? "யாருக்கா ரப்பர்ல பொட்டு வெக்கச் சொன்னது?"ன்னு கத்தினேன். அக்கா அசரவே இல்ல: "வேல செய்யிற எடத்துல வெக்காம, பின்ன செவுத்துலயா வெப்பாங்க?"

அண்ணாச்சி வந்தார்

ரப்பரைத் துடைச்சு ஒரே ஒரு நல்ல பாட்டில்தான் எடுத்திருப்பேன், அண்ணாச்சி வந்து நின்னுட்டாரு. நேரா பொட்டு பாட்டிலைத்தான் எடுத்தாரு. பாய் என்னைப் பார்த்த பார்வையில எனக்கு லாரி ஹாரனே கேட்டுச்சு. அண்ணாச்சி அதை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. நான் அவசர அவசரமா சுத்தமான பாட்டிலை நீட்டினேன். முகம் சுருங்கிடுச்சு அவருக்கு: "என்ன பாய் இது, சாமிக்குப் போற எண்ணெ, இப்படி மூளியாவா நிக்கணும்? எல்லாத்துக்கும் பொட்டு வெச்சே அனுப்பிருங்க!"

ஆளே வேணாம்னு வாங்கின கைக்கு, மெஷினை நிறுத்தி நிறுத்திப் பொட்டு வைக்கிறதுக்குன்னே இப்போ ஜெயந்தி அக்காவைத் தனியாப் போட்டிருக்கோம்.