பித்தளை நட்டும் பாதாளக் கரண்டியும்

என் சகலைக்குக் கைராசி உண்டு என்று மாமனார் சொல்லுவார். எனக்கு என்ன உண்டு என்று அவர் சொன்னதே இல்லை. நான் பாகூர் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர் நகராட்சி அலுவலகத்தில், பிறப்பு இறப்பு எழுதுகிறவன். பிரெஞ்சு மோட்டார் புத்தகம் ஒன்றை இரண்டு முறை படித்தவன். அந்த வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. சகலை, அபிஷேகப்பாக்கத்தில் கரும்பு போடுகிற இளைய மாப்பிள்ளை. அவர் படித்தது தன் பம்பு எஞ்சினை மட்டும்தான்.

கரிக்கலாம்பாக்கத்து மாமனார் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். கடைசிப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் ரயிலில் வில்லியனூர் வருகிறார்கள். அவர்களை அழைத்துவரக் காரை ஓட்டப்போவது யார்? எங்கள் இருவர் நடுவே வாய்விட்டுப் பேசாமல் கிடந்த வழக்கு அதுதான். அன்று காலை சகலை தெருக்கோடி வரை ஓட்டிக் காட்டினார். வைக்கோல் வண்டி மாடுகூட மிரளவில்லை.

"ஓட்னா இப்டி ஓட்டணும்" என்றார் மாமனார். நான் ஓட்டியபோது அவர் சொன்னது "பாத்து, பாத்து" மட்டும்.

ஓட்டத்தில் தோற்றால் என்ன, துலக்கத்தில் ஜெயிப்போம் என்று மத்தியானம் களத்தில் நின்ற காரின் மூடியைத் திறந்தேன். நான்கு பிளக்குகளையும் கழற்றி, அவற்றின் தலையில் இருந்த பித்தளை நட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்தேன். பித்தளை என்றால் குத்துவிளக்கு, குத்துவிளக்கு என்றால் புளி; எங்கள் பக்கத்து மூளை அதற்குமேல் போகாது. மூன்று நட்டு பொன்னாக மின்னின. நான்காவது, புளிக் குழம்பில் வழுக்கி, பிளக்கு இருந்த ஓட்டை வழியாக எஞ்சினுக்குள் "டிக்" என்று விழுந்தது.

அந்த நேரம் பார்த்துச் சகலை எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற கைப்பிடியோடு வந்தார். "பிளக்கு இல்லாமலே ஒரு சுத்து சுத்திக்கலாம் சகல. எண்ணெ ஏறும்."

சுற்றினால் பிஸ்டன் மேலே வந்து நட்டை நசுக்கும், எஞ்சின் கெடும், கெட்டது அவர் கையில் என்று ஊர் சொல்லும். மூன்று மூச்சு நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று மூச்சும் பரம சுகமாக இருந்தன என்பதை இந்த வயதில் மறைப்பானேன்? பிறகு, எஞ்சின் கெட்டால் நானும்தானே ஓட்ட முடியாது என்ற ஞானம் வந்து, "நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

கத்தலில் வீடே எழுந்து வந்தது. நான் புத்தகத்தை நினைத்துக்கொண்டு, "காந்தம் போதும்" என்றேன். என் பெட்டியிலிருந்த காந்தத்தில் சாக்கு ஊசியைத் தேய்த்து உள்ளே விட்டேன். ஊசி எஞ்சின் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டது. நட்டைச் சீந்தவில்லை.

"சகல," என்றார் அவர், மற்றவர்கள் காதில் விழாத குரலில், "அது பித்தளங்க."

கேலி செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அவர் தன் மனைவியின் கொண்டை ஊசிகளை வளைத்து, மூன்று கொக்கியாகச் சேர்த்துக் கம்பியில் கட்டினார். கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கிற பாதாளக் கரண்டி, கட்டைவிரல் அளவில்.

"இந்தாங்க, நீங்களே எடுங்க. ஆனா கரண்டிய சும்மா குடுக்கக் கூடாதே!"

"ஆமா மாப்ள," என்றார் மாமியார். "கரண்டி வாங்கனா ஒரு ஏனம் ஈடா வெக்கணும். திருப்பிக் குடுத்தாத்தான் ஏனம் வரும். இல்லன்னா வூட்டுக்கு ஆவாது."

"பாத்திரத்துக்கு நான் எங்க போவேன்?"

"கழுத்துல இன்னா தொங்குது?" என்றாள் என் மனைவி. அவள் யார் கட்சி என்று அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்கலாம்.

தொங்கியது, மறுநாளுக்காகப் புதுச்சேரியில் வாங்கிய மோட்டார் கண்ணாடி. தூசி படாமல் கண்ணைச் சுற்றி மூடுவது. கழற்றிக் கொடுத்தேன். கடைசி மைத்துனி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை ஓட்டைக்குள் திருப்பிக் காட்டினாள். என் ஆறாவது முயற்சியில் கொக்கி நட்டின் துளையில் மாட்டி, அது மேலே வந்தது. எல்லோரும் சகலையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"நாளைக்கு யாரு ஓட்றது?" என்றார் மாமனார், அவர் பக்கம் திரும்பி.

"சகலையே ஓட்டட்டும் மாமா. எடுத்தது அவருதானே?" என்று என்னைக் காட்டினார் அவர்.

தானமாக வந்த வெற்றி! கரண்டியைத் திருப்பிக் கொடுத்தால் நன்றி சொல்ல வேண்டும். சொல்ல மனமில்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வில்லியனூர் சாலைச் செம்மண் புழுதி முழுவதும் என் கண்ணில். ஸ்டேஷனுக்கு ஒரு மைல் முன்னால் பாதை தெரியாமல் காரை நிறுத்தினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலை இடம் மாறி, என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டினார். வந்திறங்கிய சம்பந்தி, கார்க்கார மாப்பிள்ளை என்று முதல் கும்பிடு அவருக்குத்தான் போட்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னால் நின்ற என்னைப் பார்த்து, "இன்னாத்துக்கு அழுவுறாரு?" என்று கேட்டார்.

கரண்டி இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கண்ணாடி அவரிடம். கரண்டியைக் கொண்டுபோய் நீட்டினால் அந்த நிமிடமே கண்ணாடியைத் துடைத்து, இரண்டு கையாலும் கொடுப்பார். அதற்குப் பயந்துதான் இத்தனை வருஷமாக நீட்டாமல் இருக்கிறேன்.